அல்காரிதம் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

யார்டு_செல்வம்

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இருக்கிறேன். எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும், எது முதலில் வெளியே போக வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததால் இங்கே கேட்கிறேன்.

முதல் விஷயம். மச்சான் மகள் தரமணியில் கணினியியல் கோட்பாட்டில் பிஎச்டி சேர்ந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் என்றதும் ஆப் செய்வாள், ரோபோ செய்வாள் என்று நாங்கள் நினைத்தோம். அவளோ, "ஒரு கணக்கை வேகமாகப் போட வழி இருக்கிறதா, இல்லவே இல்லையா என்று நிரூபிக்கிற வேலை மாமா" என்கிறாள். இதற்கு மாதம் 37,000 ரூபாய் அரசு உதவித்தொகை. என் மாமனார் கேட்டார், "முடியாதுன்னு சொல்றதுக்கா கவர்மென்ட் காசு தருது?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது யார்டு விஷயம். ஒரு சாஃப்ட்வேர் விற்க ஒருவர் வந்தார். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்போம். அடியில் இருக்கும் பெட்டிக்கு ட்ரெய்லர் வந்து நின்றால், மேலே இருப்பதையெல்லாம் எடுத்து வேறு அடுக்கில் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிங்குக்கும் டீசல், நேரம், டிரைவரின் திட்டு. வந்தவர் சொல்கிறார், எத்தனை ஆயிரம் பெட்டி இருந்தாலும் இதைவிடக் குறைந்த ஷிஃப்டிங் சாத்தியமே இல்லை என்கிற வரிசையை நொடியில் தருமாம். எழுத்தில் கேரண்டியாம். முதலாளி மயங்கிவிட்டார். நம்பலாமா?

இரண்டும் ஒரே விஷயம்தான் என்று அந்தப் பெண் சிரிக்கிறாள். விளக்கமாகக் கேட்டால் பரீட்சை இருக்கிறது என்று ஓடிவிட்டாள்.

சும்மா_ஒருத்தன்

முடியாது என்று சொல்ல 37,000மா? நான் போகிற எல்லா கவுன்ட்டரிலும் இலவசமாகச் சொல்கிறார்களே.

வண்ணை_வாசன்

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் மக்காலும் வாளியாலும் அள்ளினார்கள். முதல் நாட்களில் அதற்கு ஒரு நல்ல இயந்திரம் வரவில்லை. கணேசபுரம் சப்வேயில் ஒரு மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. இதெல்லாம் இருக்கும்போது, பேப்பரில் தேற்றம் எழுத வரிப்பணமா? கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் அல்காரிதத்தில்தான் சம்பாதிக்கின்றன. அவர்களே பணம் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு ஆராய்ச்சி மீது கோபமில்லை. யார் செலவு, யாருக்கு வரவு என்பதுதான் கேள்வி.

கயல்_தண்டையார்

செல்வம் அண்ணே, நானும் நம்ம பக்கம்தான். இதே துறையில் பிஎச்டி முடித்து இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். உங்கள் யார்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் தினமும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கணக்குக்கு ஆராய்ச்சியில் தனிப்பெயரே உண்டு, பிளாக் ரீலொகேஷன். பெட்டிகள் எந்த வரிசையில் வெளியே போக வேண்டும் என்பது தெரியும். மேலே இருப்பதை நகர்த்தாமல் கீழே இருப்பதை எடுக்க முடியாது. மொத்த நகர்த்தல் எவ்வளவு குறைவாக இருக்க முடியும்? கசெர்ட்டா, ஷ்வார்ட்ஸே, ஃபோஸ் என்ற மூவர் 2012இல் இது என்பி-ஹார்டு என்று நிரூபித்துவிட்டார்கள்.

"ரொம்பக் கஷ்டம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. 1971இல் ஸ்டீஃபன் குக் ஒரு தர்க்கக் கணக்கை எடுத்து, ஒரு பெரிய வகைக் கணக்குகள் எல்லாவற்றின் கஷ்டமும் அந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது என்று காட்டினார். சோவியத் நாட்டில் லெவின் தனியாக அதே இடத்துக்கு வந்தார். 1972இல் ரிச்சர்ட் கார்ப், அதையும் சேர்த்து 21 கணக்குகளை ஒன்றோடொன்று கட்டிப் போட்டார். அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு வேகமான வழி கிடைத்தால் அத்தனைக்கும் கிடைத்துவிடும். இன்று அப்படிக் கட்டுண்டவை, உங்கள் பெட்டிக் கணக்கு உட்பட, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விமான கால அட்டவணை, புரத மடிப்பு, பள்ளி டைம்டேபிள் என்று எங்கெங்கோ இருந்து வந்தவை. ஒன்றுக்கும் இதுவரை வழி கிடைக்கவில்லை. வழி இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. எந்தப் பக்கம் தீர்த்தாலும் சரி, கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த 10 லட்சம் டாலர் பரிசு அப்படியே இருக்கிறது.

"வேகமான" என்பதற்கும் அளவுகோல் உண்டு. பெட்டிகள் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கோ எட்டு மடங்கோ ஆவது தாங்கக்கூடியது. ஒவ்வொரு பெட்டி கூடும்போதும் நேரம் இரட்டித்தால், 20 பெட்டி கூடியதுமே 10 லட்சம் மடங்கு. கம்ப்யூட்டரை மாற்றி இதைச் சமாளிக்க முடியாது. இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டவர்களில் ஒருவர் ஜாக் எட்மண்ட்ஸ், 1965இல். அவர் அப்போது இருந்தது அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில். எடைக்கல்லும் அளவுகோலும் சரிபார்க்கிற அலுவலகம் அது.

ஆக, உங்களிடம் வந்தவர் எழுத்தில் கொடுக்கிற கேரண்டி உண்மையானால் அவர் மணலியில் யார்டு யார்டாக ஏறி இறங்க வேண்டியதே இல்லை. அதற்காக சாஃப்ட்வேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நல்ல தோராய விடை தருகிற மென்பொருள் நிஜமாகவே டீசலை மிச்சப்படுத்தும். அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை பெட்டி வரை விடை உச்சபட்சச் சரி? அதற்கு மேல் போனால் எவ்வளவு தள்ளி நிற்கும்? பதில் சொல்லத் திணறினால் விலையைப் பாதியாகக் குறையுங்கள்.

மாமனாருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. முடியாது என்ற செய்தியை எந்தக் கம்பெனியும் விற்க முடியாது. அதைக் கண்டுபிடிக்கப் பொதுப்பணம்தான் வர வேண்டும்.

யார்டு_செல்வம்

தங்கச்சி, இதை அப்படியே பிரின்ட் எடுத்து முதலாளி மேஜையில் வைக்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். எங்கள் ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார், நாலைந்து அடுக்கைப் பார்த்த மாத்திரத்தில் சரியாகச் சொல்லிவிடுவார். அவருக்கு எப்படி முடிகிறது?

கயல்_தண்டையார்

நாலைந்து அடுக்கு என்பதால் முடிகிறது. யார்டு முழுவதையும் கொடுத்தால் அவரும் தோராயமாகத்தான் செய்வார், அனுபவத்தால் நல்ல தோராயமாக இருக்கும். கஷ்டம் எல்லாம் அளவு பெரிதாகும்போதுதான் தலைகாட்டும்.

பெரம்பூர்_லோகோ

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறைக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு, சொல்லிவிடுகிறேன்.

ஒரு ரயில் வலைப்பின்னலில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அதிகபட்சம் எத்தனை டன் அனுப்ப முடியும்? 1930இல் சோவியத் நாட்டில் டால்ஸ்டாய் என்ற ஒருவர் (கதை எழுதியவர் இல்லை, வேறு ஆள்) சரக்குப் போக்குவரத்துக் கணக்குகளை ஆராய்ந்து எழுதினார். 1955இல் அமெரிக்காவில் ஹாரிஸ், ராஸ் என்ற இருவர் அதே சோவியத் ரயில் வலையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்கள். 44 புள்ளிகள், 105 இணைப்புகள். கிழக்கு ஐரோப்பாவுக்கு எவ்வளவு போகும் என்பதோடு, எந்த இணைப்புகளை அடித்தால் எல்லாம் நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. விமானப்படைக்கான ரகசிய அறிக்கை அது. 1999இல்தான் வெளியே விட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்த ஃபோர்டும் ஃபல்கர்சனும் 1956இல் ஒரு தேற்றம் வெளியிட்டார்கள். அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவும், வலையை இரண்டாகத் துண்டிக்கத் தேவையான குறைந்தபட்ச வெட்டின் கொள்ளளவும் எப்போதும் சமம். தண்டையார்பேட்டை மார்ஷலிங் யார்டில் வேலை பார்த்த எவருக்கும் இதன் பாதி தெரியும். எந்த லைனை எவ்வளவு அகலப்படுத்தினாலும், கொருக்குப்பேட்டை கேட்டருகே நெருக்கினால் அந்த நெருக்கல்தான் கணக்கு. மீதிப் பாதி, அதாவது அந்த நெருக்கலின் அளவு வரை நிச்சயமாக அனுப்ப முடியும் என்பது, நிரூபித்த பிறகே நம்ப முடிகிறது.

இன்றைக்கு இதே கணக்கு புகைப்படத்தில் ஆளையும் பின்னணியையும் பிரிக்கவும், வேலைகளை ஆட்களுக்குப் பங்கிடவும் பயன்படுகிறது. 2022இல் ஆறு பேர் சேர்ந்து, வலையைப் படிக்க ஆகும் நேரத்தைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் விடை காணும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒருவர் மும்பை ஐஐடியில் படித்தவர்.

வண்ணை_வாசன்

அய்யா, நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். ராணுவத்துக்கு ஒரு தேவை இருந்தது, காசு கொடுத்தது, விடை வாங்கியது. சும்மா கொடுத்த காசு இல்லையே. நம் அரசும் "மணலி சாலையில் ட்ரெய்லர் நெரிசலைத் தீர்த்துக் கொடு" என்று கேட்டுக் கொடுக்கட்டும், நான் கைதட்டுகிறேன்.

கயல், தனியார் செய்ய மாட்டார்கள் என்பதும் சரியில்லை. ஷானன் 1948இல் தகவல் கோட்பாட்டை எழுதியது அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியின் பெல் ஆய்வகத்தில். நம் நாட்டவர் நரேந்திர கர்மார்க்கர் 1984இல் லீனியர் புரோகிராமிங்குக்கு (கட்டுப்பாடுகளுக்குள் ஆகச் சிறந்த திட்டம் தேடுகிற கணக்கு) புது வழி கண்டதும் அங்கேதான். அரசு நிறுவனம் அல்ல.

எர்ணாவூர்_பாபு

நான் ட்ரெய்லர் ஓட்டுகிறவன். நெரிசலைத் தீர்க்க இன்னொரு ரோடு போட்டால் போதும், இதற்கு எதற்கு ஆராய்ச்சி?

கயல்_தண்டையார்

பாபு அண்ணே, அதில்தான் ஒரு விவகாரம் இருக்கிறது. 1968இல் டீட்ரிஷ் பிரெஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் ஒரு கணக்குப் போட்டார். பாடப்புத்தகங்களில் வரும் எண்களோடு சொல்கிறேன்.

4,000 வண்டி ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்குப் போக வேண்டும். இரண்டு வழி. முதல் வழியில் முன்பாதி குறுகல், வண்டிகளின் எண்ணிக்கையை 100ஆல் வகுத்தால் எத்தனையோ அத்தனை நிமிடம். பின்பாதி அகலமான சுற்றுச் சாலை, எப்போதும் 45 நிமிடம். இரண்டாவது வழியில் இதே தலைகீழ், முதலில் சுற்று, பிறகு குறுகல். வண்டிகள் சரிபாதியாகப் பிரியும். ஒவ்வொருவருக்கும் 20ம் 45ம் சேர்ந்து 65 நிமிடம். இப்போது நடுவே நேரமே ஆகாத ஒரு குறுக்குச் சாலை போடுகிறார்கள். குறுகலில் மொத்த வண்டியும் வந்தால்கூட 40 நிமிடம்தான், 45ஐவிடக் குறைவு. அதனால் எல்லாரும் குறுகல், குறுக்கு, குறுகல் என்று போவார்கள். 40ம் 40ம் 80 நிமிடம். யாரும் தவறாக ஓட்டவில்லை. சாலை கூடியது, 15 நிமிடமும் கூடியது. தனியாக ஒருவர் மட்டும் பழைய வழிக்குத் திரும்பினால் அவருக்கு 85.

இந்த மாதிரி அவரவர் வழியை அவரவர் தேர்ந்தெடுப்பதால் எவ்வளவு கெட்டுப் போகும் என்று 2000த்தில் ரஃப்கார்டனும் டார்டோஷும் ஓர் எல்லை கண்டார்கள். நேரம் வண்டி எண்ணிக்கையோடு நேர்கோட்டில் ஏறுகிற சாலைகள் என்றால், எவ்வளவு பெரிய வலையாக இருந்தாலும், சராசரிப் பயண நேரம் ஆகச் சிறந்த ஏற்பாட்டைப் போல 4/3 பங்கைத் தாண்டாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் இது நடக்கிறதா என்று நான் சொல்ல மாட்டேன், அங்கே குழியும் கேட்டும் போலீஸும் கணக்கில் சேர வேண்டும். ஆனால் சாலையைக் கூட்டினால் நெரிசல் நிச்சயம் குறையும் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

எர்ணாவூர்_பாபு

85 ஆகும் என்றால் நானும் குறுக்கில்தான் போவேன். சரிதான்.

கயல்_தண்டையார்

வாசன் சார், பெல் ஆய்வகம் நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் அதன் தாய்க் கம்பெனி ஏடி அண்ட் டி அந்த நாட்களில் சந்தையில் போட்டி போட்டு வாழ்ந்த கம்பெனி இல்லை. அரசு ஒழுங்குபடுத்திய ஏகபோகம். நாடெங்கும் ஒவ்வொரு போன் பில்லிலிருந்தும் ஒரு துளி ஆராய்ச்சிக்குப் போனது. கிட்டத்தட்ட வரி. 1984 ஜனவரியில் அந்த ஏகபோகத்தை உடைத்தார்கள். பழைய பெல் ஆய்வகம் பிறகு பழைய மாதிரி இருக்கவில்லை.

கூகுள் பக்கமும் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டில் கூகுள் தேடலுக்கு அடிப்படையான பேஜ்ரேங்க் உருவானபோது அங்கே ஓடிக்கொண்டிருந்தது அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்த மின்நூலகத் திட்டம். கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரின்னுக்கு மாணவர் உதவித்தொகை கொடுத்ததும் அதே அறக்கட்டளை. கம்பெனி 1998இல்தான் வந்தது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1986 அக்டோபரில் பெர்க்லியில் ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, சுமார் 400 கெஜ தூரத்தில், இணைய வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி அறுபடவில்லை. பாக்கெட் (அனுப்பும் தகவல் துண்டு) தொலைந்ததும் எல்லாக் கணினியும் மறுபடி மறுபடி அனுப்பி, நெரிசலை நெரிசலாலேயே வளர்த்தன. அங்கே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகம் அது, வான் ஜேக்கப்சன் இருந்தார். மெதுவாகத் தொடங்கு, தொலைந்தால் உடனே வேகத்தை வெட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்று விதிகள் எழுதி 1988இல் வெளியிட்டார். காப்புரிமை போட்டுப் பூட்டியிருந்தால் இணையம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியாது. பூட்டவில்லை. நீங்கள் இதைப் படிக்கும் இந்த நொடியிலும் அந்த விதிகளின் வாரிசு ஏதோ ஒன்று உங்கள் போனில் ஓடிக்கொண்டிருக்கும்.

வண்ணை_வாசன்

எல்லாம் அமெரிக்கா. அவர்களிடம் பணம் இருந்தது. நம் காசில் என்ன நடந்தது?

பெரம்பூர்_லோகோ

2002 ஆகஸ்ட், கான்பூர் ஐஐடி. மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. ஓர் எண் பகா எண்ணா என்பதை, அதிர்ஷ்டத்தையும் நிரூபிக்காத ஊகத்தையும் நம்பாமல், வேகமாகச் சொல்லிவிட முடியும் என்று நிரூபித்தார்கள். இளையவர்கள் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். சில நாளில் உலகப் பத்திரிகைகளில் செய்தி. 2006இல் கணினியியல் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு.

வண்ணை_வாசன்

சரி. அது எங்கே பயன்படுகிறது?

கயல்_தண்டையார்

நடைமுறையில் பெரும்பாலும் எங்கும் இல்லை. வங்கிப் பரிவர்த்தனைக்குப் பெரிய பகா எண் தேடும்போது பழைய மில்லர்–ராபின் சோதனைதான் ஓடுகிறது. அது இன்னும் வேகமானது, தவறும் வாய்ப்பு புறக்கணிக்கத்தக்கது. கான்பூர் முடிவைப் பயன் என்ற தராசில் வைத்தால் எடை இல்லை. நான் அதைப் பயனுக்காக ஆதரிக்கவும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு ஓர் அரசுக் கல்வி நிறுவனத்தின் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் விடை சொன்னார்கள். அதற்கு ஆன செலவு சம்பளமும் சாக்பீஸும்.

சும்மா_ஒருத்தன்

சாக்பீஸ் ஜிஎஸ்டி உட்பட.

எண்ணூர்_மீனா

நான் பள்ளி ஆசிரியை. யாரும் ராமானுஜனைப் பற்றிப் பேசவில்லையே? 1912 மார்ச்சில் நம் துறைமுகத்தில், மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவர் கணக்குகளைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுத, 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு. பொதுப்பணம் என்றால் இதுதானே? ராயபுரம் சோமு செட்டி தெருவில் அவருக்கு ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. பி.கே. சீனிவாசன் ஆரம்பித்தது. எங்கள் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன்.

பெரம்பூர்_லோகோ

டீச்சர், மன்னிக்கணும். எதற்கெடுத்தாலும் ராமானுஜனை இழுப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. அவர் கணக்குக்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம்?

கயல்_தண்டையார்

இந்த ஒரு தடவை சம்பந்தம் இருக்கிறது அய்யா, நேரடியாகவே.

ஆயிரம் கணினிகளைக் கம்பியால் இணைக்க வேண்டும், ஒவ்வொன்றிலிருந்தும் நான்கைந்து கம்பிதான் போகலாம். கம்பி குறைவு, ஆனால் எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் அதிலிருந்து வெளியே போகும் இணைப்புகள் நிறைய இருக்க வேண்டும். எங்கேயும் நீங்கள் சொன்ன கொருக்குப்பேட்டை நெருக்கல் வரக் கூடாது. இப்படிப்பட்ட வலைக்கு எக்ஸ்பேண்டர் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு தாறுமாறாக இணைத்தால் பெரும்பாலும் நன்றாகவே வரும். குறிப்பிட்ட ஒன்றை விதிப்படி கட்டிக் காட்டு என்றால்தான் கஷ்டம்.

1916இல் ராமானுஜன் டவ் சார்பு என்ற ஒன்றின் அளவு பற்றி ஓர் ஊகம் எழுதினார். அதை 1974இல் டெலின் நிரூபித்தார். அந்த ஊகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த முடிவுகளைக் கொண்டு 1988இல் லுபோட்ஸ்கி, ஃபிலிப்ஸ், சர்னாக் மூவரும் கோட்பாட்டளவில் சாத்தியமான உச்ச எல்லையைத் தொடும் எக்ஸ்பேண்டர்களைக் கட்டினார்கள். பெயரே ராமானுஜன் கிராஃப். 2013இல் மார்கஸ், ஸ்பீல்மன், நிகில் ஸ்ரீவஸ்தவா மூவரும் ஒரு புள்ளிக்கு எத்தனை கம்பி என்றாலும் அப்படிப்பட்ட இருபக்க வலைகள் (புள்ளிகள் இரண்டு அணி, கம்பி அணிக்கு அணி மட்டும்) இருக்கின்றன என்று நிரூபித்தார்கள். பிழை திருத்தும் குறியீடுகளில் எக்ஸ்பேண்டர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

1913இல் பல்கலைக்கழகம் அவரிடம் "இதனால் துறைமுகத்துக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. வாசன் சார் சொல்கிற "தேவையைச் சொல்லிக் காசு கொடு" முறையில் 1956 தேற்றம் வரும். 1916 வராது. இரண்டும் வேண்டும் என்பேன்.

எண்ணூர்_மீனா

நன்றி கயல். என் ஆதங்கம் வேறு. ராமானுஜன் வேலை பார்த்தது இந்தப் பக்கம். இன்று ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாம் அடையாற்றுக்கு அந்தப் பக்கம்: கிண்டியில் ஐஐடி, தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம். பொதுமக்களுக்கான அறிவியல் உரைகளும் தெற்கேதான். என் வகுப்பில் கணக்கில் சுட்டியாக ஒரு பிள்ளை இருக்கிறாள். அப்பா காசிமேட்டில் போட்டில் போகிறவர். ஆராய்ச்சி என்று ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் சம்பளம் தருவார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. வரி எல்லாரும் கட்டுகிறோம். பீச்சில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி வந்துவிடுகிறது, ஆனால் அங்கே இறங்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

கயல்_தண்டையார்

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை டீச்சர். என் ஆராய்ச்சிக் காலத்தில் வடசென்னையிலிருந்து வந்தவர்களை நான் அபூர்வமாகவே பார்த்தேன். என் உதவித்தொகையும் மாதக்கணக்கில் தள்ளிப் போனது. வீட்டில் அண்ணன் சம்பளம் இருந்ததால் தாக்குப்பிடித்தேன். போட்டில் போகிறவர் வீட்டுப் பெண்ணால் அது முடியாது.

ஆனால் உங்கள் வகுப்புக்கு ஒரு கணக்கு தருகிறேன். தரமணியில் உலகத்தரத்தில் நடக்கும் வேலையின் வாசல்படி இது. பழைய வண்ணாரப்பேட்டையில் 1,000 முனைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தெருவும் இரண்டு முனைகளை இணைக்கிறது. முனையில் கேமரா வைத்தால் அங்கிருந்து கிளம்பும் எல்லாத் தெருவும் தெரியும். 20 கேமராதான் இருக்கிறது. எல்லாத் தெருவையும் பார்க்க முடியுமா?

1,000 முனையில் 20ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணினால் 42 இலக்கம் வரும். பூமியில் உள்ள எல்லாக் கணினியும் சேர்ந்தாலும் முடியாது. இதுவும் கார்ப்பின் 21இல் ஒன்று. ஆனால் இப்படி யோசியுங்கள்: கேமரா இல்லாத ஏதாவது ஒரு தெருவை எடுங்கள். அதற்கு இந்த முனையில் அல்லது அந்த முனையில் கேமரா வந்தே ஆக வேண்டும், மூன்றாவது வழி கிடையாது. இரண்டையும் தனித்தனியாக முயன்று பாருங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கேமரா தீரும். 20 தடவைக்குமேல் போகாது. மொத்தம் 2ஐ 20 தடவை பெருக்கினால் 10,48,576. ஒரு சாதாரண லேப்டாப்புக்கு வேலையே இல்லை.

கணக்கு மொத்தமாகக் கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டம் முனைகளின் எண்ணிக்கையில் இல்லை, கேமராக்களின் எண்ணிக்கையில் ஒளிந்திருக்கிறது. கஷ்டம் எந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே அளவுருச் சிக்கல்தன்மை என்ற துறை. டவுனியும் ஃபெல்லோஸும் தொடங்கியது. வெங்கடேஷ் ராமனும் சாகேத் சௌரப்பும் தரமணியை இதில் உலக அளவில் ஒரு முகவரி ஆக்கினார்கள். சாகேத் 2021இல் பட்நாகர் விருது பெற்றார். அந்த நிறுவனத்துக்குப் பெரும் பணம் வருவது மத்திய அரசின் அணுசக்தித் துறையிலிருந்து.

யார்டு_செல்வம்

இந்தக் கேமரா கணக்கை எங்கள் ஆபரேட்டரிடம் சொன்னேன். "அந்த தெரு, இந்த முனை, இல்லன்னா அந்த முனை" என்றதும் பிடித்துக்கொண்டார். தெரு ஒரு முட்டுச்சந்தாக இருந்தால் உள் முனையில் கேமரா வைப்பது வீண்தானே, இந்த முனையிலேயே வைத்துவிடலாமே என்று அவரே கேட்டார்.

கயல்_தண்டையார்

அவர் சொன்னது சரி! முட்டுச்சந்து என்றால் இரண்டு வழி முயல வேண்டாம், ஒன்றே போதும். இப்படிப்பட்ட சுருக்க விதிகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அந்த 2ஐ 1.28க்கும் கீழே இறக்கியிருக்கிறார்கள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வண்ணை_வாசன்

நான் முழுக்க மாறவில்லை, ஆனால் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். இந்தத் துறைக்கு இயந்திரம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம், கட்டடம்கூடப் பெரிதாக வேண்டாம். நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதே மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் என்று அரசே சொல்கிறது. அதில் இது ஒரு துளி. சரி, கொடுக்கட்டும். ஆனால் மீனா டீச்சர் சொன்னதுதான் உறைக்கிறது. இவ்வளவு மலிவான ஆராய்ச்சி ஏன் இரண்டு மூன்று வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது? வியாசர்பாடியில் அரசுக் கல்லூரி இருக்கிறது, பிராட்வேயில் பெண்கள் கல்லூரி இருக்கிறது. அங்கே ஏன் நடக்கவில்லை?

புதிதாக ஒரு லட்சம் கோடி ஆராய்ச்சி நிதி என்று 2025இல் அறிவித்தார்களே, அதில் கேட்கலாமே?

கயல்_தண்டையார்

அந்த ஒரு லட்சம் கோடி பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் குறைந்த வட்டிக் கடன் மாதிரி. தொழில்நுட்பம் ஆய்வகத்தில் ஓரளவு நிரூபணமாகி, தயார்நிலை அளவுகோலில் நான்காம் படிக்காவது வந்திருக்க வேண்டும். தேற்றம் எந்தப் படியிலும் இல்லை. எங்களுக்கானது 2023 சட்டத்தில் வந்த, தேசிய ஆராய்ச்சிக்கான அனுசந்தான் அறக்கட்டளை. ஐந்து ஆண்டில் 50,000 கோடி என்று அறிவித்தபோதே அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியேயிருந்து வரும் என்றார்கள். இதைவிட வேகமாக முடியாது என்கிற கீழ் எல்லைத் தேற்றத்துக்கு எந்தத் தொழிலதிபர் காசு போடுவார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அரசுக் கல்லூரியில் ஏன் நடக்கவில்லை என்பதற்குப் பணத்தைவிட நேரம்தான் காரணம் என்பேன். உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது யுஜிசி விதி. அதற்குமேல் விடைத்தாள், அட்டெண்டன்ஸ், அட்மிஷன், தேர்தல் பணி. காலிப் பணியிடம் இருந்தால் அந்த வகுப்பும் உங்கள் தலையில். தரமணியில் இருப்பவர்கள் வருடத்தில் ஒரு பாடம், இரண்டு பாடம். நான் கடைசியாக ஒரு கணக்கை முழு மதியம் உட்கார்ந்து யோசித்தது கோடை விடுமுறையில். ஒரு கல்லூரிக்கு இரண்டு பேருக்கு வகுப்பைப் பாதியாக்கி, அந்த இடத்துக்கு ஒரு கௌரவ விரிவுரையாளரைப் போடும் பணத்தைக் கொடுத்தால் போதும். சூப்பர் கம்ப்யூட்டர் கேட்கவில்லை.

வண்ணை_வாசன்

இதை எழுதி எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. மணலி நெரிசலையும் அதில் ஒரு வரி சேர்க்கிறேன், விட மாட்டேன்.

எண்ணூர்_மீனா

கயல், சனிக்கிழமை காலை வர முடியுமா? எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, சுமார் 40 பேர். கேமரா கணக்கை எங்கள் தெருக்களையே போர்டில் வரைந்து செய்யலாம். புரொஜெக்டர் வேலை செய்யாது.

கயல்_தண்டையார்

வருகிறேன் டீச்சர். போர்டு போதும். தெருப் படத்தைப் பிள்ளைகளையே வரைந்து வைக்கச் சொல்லுங்கள், முட்டுச்சந்துகளை விடாமல்.